தகரத் துண்டு பிறந்த கதை

உள்ளங்கையில் அடங்கும் ஒரு தகரத் துண்டு. அதில் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். ஒன்று தோட்டத்தின் பதிவு எண், மற்றது ஆளின் வரிசை எண். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, தகப்பன் பெயரும் இருக்காது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து இலங்கையின் கண்டிச்சீமைக்குப் புறப்பட்ட சனங்கள் இதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் ரயில் ஏறினார்கள், கப்பல் ஏறினார்கள். கையில் காசில்லாத அந்த மனிதர்களுக்கு அதுவே பயணச் சீட்டு, அதுவே அடையாளம்.

நான் படித்த வரலாற்றுப் புத்தகத்தில் இந்தத் தகரம் இல்லை.

அதில் இருந்தவர் ஜேம்ஸ் டெயிலர். 1867, லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர். இலங்கையில் முதன்முதலாகத் தேயிலையைப் பெரிய அளவில் பயிரிட்டவர் யார் என்று பரீட்சைக்குத் தவறாமல் கேள்வி வரும். நானும் பிழையில்லாமல் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். அந்தப் பதிலை எழுதிய வகுப்பறையின் சன்னலுக்கு வெளியே மலை. மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. அந்த 19 ஏக்கரில் காட்டை வெட்டிச் சரித்தது யார், குழி தோண்டியது யார், கன்றை நட்டது யார் என்று புத்தகம் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கும் அப்படிக் கேட்கலாம் என்று தோன்றவில்லை. தேயிலை வரலாறு வேறு, வீட்டில் அப்பாயி சொல்லும் கதை வேறு என்றே வளர்ந்தோம்.

தகரத்தின் கதையை அப்பாயியிடமிருந்துதான் முதலில் கேட்டேன். "எங்கய்யா கழுத்துல தகரத்தக் கட்டி இட்டாந்தாங்க, மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி" என்று சொல்வார். அது ஏதோ உவமை என்று நினைத்திருந்தேன். வளர்ந்து, படித்து, பழைய அறிக்கைகளைப் பார்த்தபோதுதான் அப்பாயி உள்ளதை உள்ளபடியே சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

தகரம் வருவதற்கு ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே சனங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். அப்போது தேயிலை கிடையாது, கோப்பிதான். 1820களில் ஜார்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்திலும், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொறுவையிலும் கோப்பி போட்டார்கள். கண்டிச் சிங்கள விவசாயிகள் தங்கள் வயலை விட்டுவிட்டுத் துரைமாருக்குக் கூலிக்கு வர விரும்பவில்லை. அதனால் துரைமாரின் கண் கடலுக்கு அப்பால் திரும்பியது. அங்கே நிலமில்லாத சனங்கள் இருந்தார்கள். பண்ணையாரின் பிடியிலிருந்து எப்படியாவது நழுவ வேண்டும் என்று காத்திருந்த பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள் இருந்தன. வயிற்றுக்கு இல்லாமல்போன மற்றச் சாதிக்காரர்களும் இருந்தார்கள்.

தோணியில் கடலைத் தாண்டி மன்னார்க் கரையில் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளைவரை நடை. ஏறக்குறைய 150 மைல். வழியெல்லாம் வறண்ட காடு, குடிக்கத் தண்ணீர் கிடைக்காத பாதை, கிடைத்த குளத்துத் தண்ணீரில் வாந்திபேதி. கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் அதே வழியில் ஊருக்குத் திரும்புவார்கள். ஒரு வருடத்தில் அந்தக் காட்டை இரண்டு தடவை நடந்து கடக்க வேண்டும். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள்.

எத்தனை பேர் செத்தார்கள்? 1840களில் மட்டும் 70,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே ஒரு கணக்கு வெளிவந்தது. துறைமுகங்களில் வந்திறங்கியவர்கள் தொகையிலிருந்து திரும்பிப் போனவர்கள் தொகையைக் கழித்து, மிச்சத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. கூடுதல் என்று சிலரும் குறைவு என்று சிலரும் இன்றுவரை வாதாடுகிறார்கள். என் மனத்தை அறுப்பது அந்தக் கழித்தல் கணக்குதான். செத்தவர்களுக்குத் தனியாக ஓர் ஏடு கிடையாது. வந்தார்கள் என்று ஓர் ஏட்டிலும் போனார்கள் என்று இன்னோர் ஏட்டிலும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவிலே விழுந்த பள்ளத்தில் என் சனங்களின் சாவு கிடக்கிறது.

அந்தக் காலத்தில் ஆட்களை எழுத்தில் குறித்துவைத்தவர் ஒருவர் உண்டென்றால் அது கங்காணிதான். அவர் குறித்ததும் கடனைத்தான்.

துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்குப் போவார். கோயில் திருவிழாவிலும் சந்தையிலும் அவருடைய ஆள்கட்டி சுற்றுவான். கண்டிச்சீமையில் தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடக்கிறது, தோண்டி எடுத்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவார்களாம். இதை அப்பாயி சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது. ஊரில் இருக்கும் கடனை அடைக்க, வழிச் செலவுக்கு, ஒரு வேட்டி, ஒரு சேலை, ஒரு கம்பளிக்கு என்று கங்காணி கையிலிருந்து கொடுக்கும் ஒவ்வொரு காசும் ஆளின் பேரில் ஏறும். 1876 முதல் 1878 வரை அடித்த தாது வருஷப் பஞ்சத்தில் ஆசை காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. சனங்கள் தாங்களாகவே கங்காணியைத் தேடிப் போனார்கள்.

1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை ஏறியது. பாடப் புத்தகங்கள் இதைப் பயிர் மாறிய கதையாகச் சொல்லி முடித்துவிடுகின்றன. உண்மையில் மாறியது சனங்களின் வாழ்க்கை. கோப்பிக்கு ஆள் சில மாதம் போதும். தேயிலையோ வருடம் முழுவதும் துளிர்க்கும் செடி. வாரத்துக்கொரு தடவையாவது அதே நிரைக்குத் திரும்பிப் போய்க் கொழுந்து எடுக்க வேண்டும், விட்டால் முற்றிப்போகும். ஆகவே, வந்து போகும் ஆம்பிளை ஆட்கள் போதவில்லை. குடும்பத்தோடு வந்து தங்க வேண்டும், கொழுந்தெடுக்கப் பெண்கள் வேண்டும். வரிசையாக லயங்கள் கட்டினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. ஊருக்குத் திரும்பும் வழி அன்றே பாதி அடைபட்டுப் போனது.

தகரம் பிறந்தது இந்த நெருக்கடியில்தான். துரைமாருக்கு ஆள் அதிகம் வேண்டும். ஆளுக்காகக் கொடுக்கும் முன்பணமும் வருடாவருடம் ஏறிக்கொண்டே போனது. ரொக்கமாக வாங்கிய பணத்தோடு சில கங்காணிமார் மறைந்துபோனார்கள். ஒரு தோட்டத்தின் பணத்தில் புறப்பட்ட ஆட்களை வழியில் மடக்கி வேறு தோட்டத்துக்குத் திருப்பிவிடுவதும் நடந்தது. போதாக்குறைக்கு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நோய்ப் பயத்தால் வடக்குப் பாதை மூடப்பட்டது. இனிமேல் தூத்துக்குடி போய்க் கப்பலில் கொழும்பு வர வேண்டும். அதற்கு ரயில் கட்டணம், கப்பல் கட்டணம், முகாமில் சாப்பாடு. இத்தனை செலவையும் ரொக்கமாகக் கங்காணி கையில் கொடுக்காமல் ஆளைக் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி?

அதற்கு விடையாக வந்ததுதான் தகரம். தோட்டத்து எண் பொறித்த தகரங்களைத் தோட்டம் வாங்கிக் கங்காணியிடம் கொடுக்கும். கங்காணி ஊரில் ஆள் சேர்த்து ஆளுக்கொன்றாகக் கட்டிவிடுவார். தகரம் கட்டிய ஆளை ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்காமல் ஏற்றுவார்கள். செலவு முழுவதும் அந்த எண்ணுக்குரிய தோட்டத்தின் கணக்கில் விழும். எண் தெரிந்துவிட்டதால் வேறு தோட்டத்துக்காரன் வழியில் ஆளைத் தட்டிக்கொண்டு போக முடியாது. சரக்கு மூட்டையில் சேருமிடம் எழுதி ஒட்டுவார்களே, அதே ஏற்பாடு. தோட்டம் அந்தச் செலவைக் கங்காணியின் கணக்கில் ஏற்றும், கங்காணி அதை ஆளின் கணக்கில் ஏற்றுவார். கழுத்தில் ஏறிய நிமிடத்திலிருந்து அந்தத் தகரத்துக்கு வட்டி இல்லாவிட்டாலும் எடை உண்டு. தோட்டத்துக்குப் போய் முதல் நாள், பேர் வாசிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும்போதே ஆள் கடனாளி.

1904இல் துரைமார் சங்கம் திருச்சியைத் தலைமையிடமாக வைத்து இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஒன்றை நிறுவியது. கங்காணிமாரை மேற்பார்க்க, முன்பணம் கொடுக்க, ஆட்களை அனுப்ப என்று அது மாவட்டந்தோறும் கிளை விரித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியதும் மண்டபம் முகாம் பெரிதாயிற்று. சனங்களை அங்கே சில நாள் தடுத்துவைத்து, அம்மைப் பால் குத்தி, கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்து, துணிமணியைப் புகைபோட்டு அனுப்பினார்கள். மருத்துவம் நல்லதுதான். அதை யாருக்காகச் செய்தார்கள் என்பதற்கு அந்தக் கால அறிக்கைகளின் மொழியே சாட்சி. பக்கம் பக்கமாகக் கூலி, தொகை, செலவு என்று போகும். ஒரு மனுஷியின் பெயரைத் தேடிப் பத்துப் பக்கம் புரட்டினாலும் கிடைக்காது.

தகரத்துக்கு முந்திய அண்ணன் ஒன்று உண்டு. அது காகிதத் துண்டு. அதன் பெயரே துண்டுதான். நம்முடைய இந்தச் சொல் இங்கிலீஷ் எழுத்தில் ஏறி, துரைமாரின் கடிதங்களிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அப்படியே புழங்கியது. துண்டு என்றால் நம் ஊரில் என்னவெல்லாம்! தோளில் போட்டால் மரியாதை. பெரிய சாதிக்காரன் எதிரில் வந்தால் இறக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். துண்டைத் தோளில் போடும் உரிமைக்காகவே அடி வாங்கிய சனங்கள், வேறு வகைத் துண்டு ஒன்று கழுத்தை நெரிக்கும் நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

காகிதத் துண்டு வேலை செய்தது இப்படி. ஒரு கங்காணி தன் ஆட்களோடு தோட்டம் மாற நினைத்தால் துரையிடம் துண்டு கேட்பார். இன்ன கங்காணி, இத்தனை ஆட்கள், இவ்வளவு கடன், இந்தத் தேதிக்குள் அதைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பார். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தட்டுப்பாட்டில் இருக்கும் துரை, பழைய கடனைக் கட்டி, மேலும் முன்பணமும் கொடுத்து அந்தக் கூட்டத்தை எடுத்துக்கொள்வார். கடன் ஒருநாளும் குறையாது. கைமாறும்போதெல்லாம் வளரும். மேலே கொடுத்த பணம் கங்காணியின் மடிக்கு, வளர்ந்த கடன் ஆட்களின் தலைக்கு. நேற்றுவரை ஒரு மலையில் இருந்தவர்கள் இன்று சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இன்னொரு மலைக்கு நடப்பார்கள். ஏன் போகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

துண்டில்லாமல் ஆள் தானாக விலகிப் போனால் என்ன ஆகும்? சிறை. ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாக நடத்தும் சட்டம் இருந்தது. கூலியைத் துரை மாதக்கணக்கில் இழுத்தடித்தால் அது வழக்கம், ஆள் ஓடினால் அது குற்றம். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது. சிறைத் தண்டனையும் அந்தச் சமயத்தில்தான் போனது. அதன் பிறகு வந்த வேலைநீக்கச் சீட்டான பத்துச்சீட்டைத் தோட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். துரைக்குப் பிடிக்காதவனுக்குப் பத்துச்சீட்டு கிழித்தால் வேலையோடு காம்பராவும் போய்விடும்.

இந்தக் கதையில் பெண்கள் எங்கே என்று கேட்க வேண்டும். தகரம் அவர்கள் கழுத்திலும் தொங்கியது. அதற்குப் பின்னால் அவர்கள் ஏட்டிலிருந்து இன்னும் ஒரு படி உள்ளே மறைந்துபோனார்கள். வேலை நாளைக் குறிக்கும் செக்ரோலில் பேர் விழும், கூலியைப் புருஷனோ தகப்பனோ வாங்கிக்கொண்டு போவார். 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மலையுச்சித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று நிர்ணயித்தார்கள். ஏற்றுமதிக்குப் போன தேயிலை பெரும்பாலும் பெண்களின் விரலிலிருந்துதான் தொடங்கியது. ஆனாலும் அந்த விரலுக்கு 11 சதம் குறைவு.

ஒரு நாளைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விடிவதற்கு வெகு முன்னே பிரட்டுத் தப்பு அடிக்கும். அதற்கும் முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி ரொட்டி தட்ட வேண்டும். ஈர விறகில் புகை எழும்பிக் காம்பரா முழுவதும் அடைத்துக்கொள்ளும். பிள்ளையைத் தூக்கத்திலேயே அள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளைக்காம்பராவில் விட வேண்டும். இடுப்பில் படங்குச் சாக்கு, தலையில் கூடைக் கயிறு. பனியில் நனைந்த தேயிலைச் செடி இடுப்பளவு நிற்கும், நிரைக்குள் இறங்கியதும் முழங்காலுக்குக் கீழே அட்டை ஏறும். இரண்டு இலையும் ஒரு மொட்டும். கங்காணி பின்னால் நின்று வைவார். மத்தியானம் கொழுந்து மடுவத்தில் தராசு. ஈரத்துக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று கணக்கப்பிள்ளை றாத்தலைக் கழிப்பார். கேட்ட எடை வராவிட்டால் அரைப்பேர். பாதி நாள் கூலி. சாயந்திரம் திரும்பிவந்து தண்ணீர், விறகு, சமையல். என் அம்மாவின் உச்சந்தலையில் கூடைக் கயிறு பதிந்த இடத்தில் முடி முளைக்காது. எங்கள் லயத்தில் அந்த வயதுப் பெண்கள் எல்லார் தலையிலும் அந்தத் தடம் இருந்தது. எந்த ஏட்டில் விடுபட்டாலும் அது விடுபடவில்லை.

எழுதப்படாத இந்த வாழ்க்கையை அவர்கள் பாட்டாக வைத்திருந்தார்கள். தாலாட்டில், ஒப்பாரியில், மலையில் பாடும் பாட்டில் கங்காணியின் கொடுமை வரும், துரையின் பெயர் வரும், கடலும் தோணியும் வரும். தோட்டத்தில் பிறந்து, 1947இல் பாராளுமன்றத்துக்குத் தலவாக்கலையிலிருந்து போன சி.வி. வேலுப்பிள்ளை அந்தப் பாட்டுகளைத் தேடித் தேடித் தொகுத்தார். தஞ்சாவூரிலிருந்து வந்து தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரும், அவரோடு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிய மனைவி மீனாட்சியம்மையும் பாட்டையே துண்டுப் பிரசுரமாக்கினார்கள். வரலாற்று ஆசிரியர்கள் வருமுன்னரே இவர்கள் வந்துவிட்டார்கள். பாடசாலைக்குள்தான் இவர்கள் வர நாளாயிற்று. எனக்கு இந்தப் பெயர்கள் தெரிந்தது பாடசாலையை விட்டு வெளியே வந்த பிறகு.

1947 தேர்தலில் தோட்டத்து மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பிடித்தது. மறு வருடமே அதற்குப் பதில் வந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் இந்த மக்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்து 1949இல் வந்த சட்டம் ஒரு வாசலைத் திறப்பதுபோல் திறந்தது. 1946 சனவரி முதலாந் தேதிக்கு முன்னால் தொடர்ச்சியாக, கலியாணமானவர் என்றால் 7 வருடமும் ஆகாதவர் என்றால் 10 வருடமும் இலங்கையில் வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்டினால் பிரஜையாகலாம் என்றது.

அத்தாட்சி! கழுத்தில் எண் கட்டி அழைத்துவந்தவர்களிடம், பிரட்டுக்களத்தில் தினமும் பேர் வாசித்தவர்களிடம், கடனைச் சதம் தவறாமல் எழுதிவைத்திருந்தவர்களிடம் அத்தாட்சி மலைமலையாக இருந்தது. தகரம் கட்டியவர்கள் கையில்தான் ஒன்றும் இல்லை. செக்ரோல் தோட்டத்துக் கந்தோரில், கடன் கணக்கு கங்காணியின் பெட்டியில். பிறந்த பிள்ளைக்குப் பதிவு இருந்தால் பெயர் பிழை, பெயர் சரியாக இருந்தால் தோட்டம் பிழை. ஊரில் ஒரு சாவுக்குப் போய்த் தங்கி வந்திருந்தால் தொடர்ச்சி அறுந்துபோயிற்று என்று தள்ளிவிடலாம். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. கடைசியில் குடியுரிமை கிடைத்தது 1,34,000 பேர் அளவுக்கு. வரலாற்றிலிருந்து விடுபடுவது என்றால் புத்தகத்தில் பேர் இல்லாமல் போவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடுபட்டவனை நாட்டிலிருந்தே வெளியே தள்ளலாம் என்று இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்து, 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு எங்கள் சனங்கள் அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்தார்கள். பிளாட்பாரத்தில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒன்றாக அழ, கோச்சி புறப்படும். பிறகு இராமானுஜம் கப்பல், இராமேஸ்வரம், மண்டபம். இறங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தியாவை அதற்குமுன் பார்த்ததே இல்லை. அவர்களில் ஒரு பகுதியினரைக் குடியமர்த்த 1968இல் நீலகிரியில் தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. மறுபடியும் தேயிலை.

இலங்கையில் மிஞ்சியவர்களில் பலர் 1977 கலவரத்தில் அடிபட்டு வன்னிக்குப் போனார்கள். போர் வந்ததும் அங்கிருந்தும் ஓடித் தலைமன்னார்ப் பக்கமிருந்து படகேறினார்கள். அக்கரையில் அவர்களைக் கொண்டுபோய் வைத்த இடமும் மண்டபம் முகாம்தான். பாட்டன் கழுத்தில் தகரம் தொங்க வெளியேறிய வாசல் வழியாகப் பேத்தி அகதி எண்ணோடு உள்ளே வந்தாள். இந்த ஒரு முகாமின் கதையை இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரு பாடமாகப் படித்தால் போதும், பாக் நீரிணையைப் பற்றித் தெரியவேண்டியதில் பெரும் பகுதி தெரிந்துவிடும்.

கண்டிக்குப் பக்கத்தில் அந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கிறது. 1925இல் கட்டிய தொழிற்சாலைக் கட்டடம், நாலு மாடி. பெரிய பெரிய யந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். டெயிலர் பயன்படுத்திய பொருள்களும் அங்கே உண்டு. நன்றாகவே இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆனால் கம்பளைக்குப் பக்கத்தில் பாரதெக்கவுக்கும் போக வேண்டும். அங்கே ஒரு பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர்களுக்கான நூதனசாலையாக 2007இல் ஆக்கினார்கள். நூதனசாலை என்று நினைத்து உள்ளே நுழைந்த எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. அடுப்படி, அம்மி, தப்பு, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை. காம்பராவின் நீளத்தைக் காலால் அளந்து பார்த்தேன். கூட வந்திருந்த என் மகள், "இதுக்குள்ள எத்தன பேர் இருந்தீங்கப்பா?" என்று கேட்டாள். ஒன்பது பேர் என்றேன். அவள் மறுபடியும் சுவரிலிருந்து சுவருக்கு நடந்தாள்.

2023இல், முதல் கூட்டம் வந்து 200 வருடம் ஆனதை நினைத்துச் சனங்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பழைய வழியை நடந்தார்கள். யூலைக் கடைசியில் புறப்பட்டு ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் சிங்களக் கிராமத்தவர்களும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள், சாப்பாடு கொடுத்தார்கள். நானும் ஒரு நாள் நடந்தேன். தார் போட்ட ரோடு, கையில் தண்ணீர்ப் போத்தல், தலைக்குத் தொப்பி. அப்படியும் பிற்பகலில் கால் வெந்துவிட்டது.

எங்கள் அப்பாயி போய்ப் பல வருடம் ஆகிறது. அவருடைய தகரப் பெட்டியை எடுத்துத் திறந்தபோது நகை இருக்கும் என்று சின்னவர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே முழுக்கக் காகிதம். கூப்பன் புத்தகம், அம்மை குத்திய சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், சங்கத்துச் சந்தா ரசீதுகள், ஆஸ்பத்திரித் துண்டுகள், என் தகப்பனார் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய புள்ளி அறிக்கை. எழுதப் படிக்கத் தெரியாதவர், தன் கைக்கு வந்த எழுத்து எதையும் எறியவில்லை. எது எப்போது எந்தக் கந்தோரில் கேட்கப்படும் என்று யாருக்குத் தெரியும்? எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தோம். அவருடைய பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் ஓர் எழுத்து கூடுதல், ஒன்றில் பாதிப் பெயர். இன்னொன்றில் அவருடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் தாத்தாவின் பெயருக்குப் பின்னால் பெண்சாதி என்று எழுதியிருந்தது.

மரணத்தைப் பதியப் போனபோது பதிவாளர் அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, எதைப் போடுவது என்று கேட்டார். என் தகப்பனார் மூன்றையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, அப்பாயி தன் பெயரை எப்படிச் சொல்வாரோ அப்படியே ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். பதிவாளர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பேனாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.